"எதிரே அக்ரி லேண்ட், எதுவும் வராது" என்று சொல்லி வீடு விற்கிறார்கள், கவனம்

சென்னையின் தெற்குப் புறநகரில் அடுக்குமாடி வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் பில்டரின் பெயரை எழுதவில்லை. எங்களை ஏமாற்றிய விதத்தை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். இதே வேலையை எந்த ஊரிலும், யாரும் செய்ய முடியும்.

நாங்கள் வாங்கியது இரண்டாவது மாடியில் கிழக்குப் பார்த்த வீடு. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சில ஏக்கர் காலி நிலம், நடுவில் இரண்டு மூன்று பனைமரம். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் சதுர அடிக்குக் கூடுதல் விலை. ஏன் என்று கேட்டபோது விற்பனைப் பிரிவில் இருந்த தம்பி சொன்னது இதுதான்: "மேடம், எதிர்ல இருக்கிறது அக்ரி ஸோன். மாஸ்டர் பிளான்லயே அப்படித்தான் இருக்கு. அங்கே யாரும் ஒரு செங்கல் வைக்க முடியாது. காலத்துக்கும் இந்தக் காத்து உங்களுக்குத்தான்." பிரசுரத்திலும் அந்த நிலத்தைப் பச்சையாக வரைந்து, "பசுமையை நோக்கிய வீடுகள்" என்று போட்டிருந்தார்கள்.

பத்திரம் எல்லாம் சரியாகவே இருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டோம். பட்டா, தாய்ப்பத்திரம், திட்ட அனுமதி, ரெரா (வீடு, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு எண் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். வங்கியும் தன் பங்குக்கு ஒருமுறை பார்த்தது. எதிர் நிலம் வேளாண் மண்டலம் என்று அந்தத் தம்பி சொன்னதும், சொன்ன அன்றைக்கு உண்மைதான்.

குடிவந்து ஒரு வருடம்கூட நிம்மதியாகப் போகவில்லை. எதிரில் பொக்லைன் வந்தது, பனைமரங்கள் போயின, இரும்புத் தூண்கள் எழுந்தன. இப்போது அங்கே நிற்பது ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. லாரிகள் வருவதெல்லாம் ராத்திரியில். பின்னால் எடுக்கும்போது அடிக்கும் அந்தப் பீப் சத்தம் ஜன்னலை அடைத்தாலும் உள்ளே கேட்கிறது. கொடியில் போட்ட துணியை எடுத்து உதறினால் சிமெண்டு நிறத்தில் தூசி பறக்கிறது. மாமியாருக்கு ஆஸ்துமா. அவர் படுக்கையை மேற்குப் பக்க அறைக்கு மாற்றிவிட்டோம். எந்தப் பால்கனிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தோமோ, அதன் கதவைத் திறப்பதே இல்லை.

முதலில் கிடங்கு சட்டவிரோதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனுப் போட்டார். பத்து ரூபாய்க் கட்டணம்தான். பதில் வந்ததும் கோப்பை நேரில் பார்க்கவும் அனுமதி கேட்டார். அந்த உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. கோப்பில் இருந்தது இது. அந்த நிலம் வேளாண் மண்டலத்திலிருந்து தொழிற்பயன்பாட்டு மண்டலமாக முறைப்படி மாற்றப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் போன தேதி, நாங்கள் முன்பணம் கட்டியதற்கு முந்தையது. விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் வேறு. ஆனால் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்தை எங்கள் கிரயப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் அதே ஆள். எங்களுக்கு வீடு எழுதிக் கொடுத்தவர்தான், எதிர் நிலத்தை மாற்றிக் கேட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாற்றம் கிடைத்ததும் நிலத்தைக் கிடங்குக்காரருக்கு விற்றுவிட்டார்.

ஆக, "ஒரு செங்கல் வைக்க முடியாது" என்று அவருடைய ஆட்கள் எங்களிடம் சொன்ன அதே நாட்களில், செங்கல் வைப்பதற்கான விண்ணப்பம் அவர் கையெழுத்தோடு நிலுவையில் இருந்தது.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு இப்போது இருப்பது 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான். அதில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் (சர்வே நம்பர்) ஒரு மண்டலம் உண்டு: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை என்று. இது பட்டாவில் இருக்கும் நன்செய், புன்செய் வகைப்பாட்டிலிருந்து வேறு. பட்டா வருவாய்த்துறையுடையது, மண்டலம் சிஎம்டிஏ எனும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துடையது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், மண்டலம் வரவே வராது. வக்கீல் பார்க்கும் கட்டுக் காகிதங்களில் உங்கள் எதிர் மனையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

மண்டலத்தை மாற்ற 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 32ஆம் பிரிவு வழி செய்கிறது. பேச்சு வழக்கில் 'ரீகிளாஸ்' என்பார்கள். நில உரிமையாளர் விண்ணப்பிப்பார். இடத்தைப் பார்வையிடுவார்கள், தேவைப்பட்டால் வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத்துறையிடம் கேட்பார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லும்படி நாளிதழில் அறிவிப்பு வரும். பிறகு தொழில்நுட்பக் குழு பரிசீலித்து, குழுமம் முடிவெடுத்து, அரசிதழில் வெளியாகும். வேளாண் மண்டலம் என்பது இன்றைய நிலவரம், அவ்வளவுதான். நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எந்தச் சட்டமும் உறுதி சொல்லவில்லை. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதே வேலை நகர் ஊரமைப்பு இயக்குநரகத்தின் வழியாகப் போகும்.

எங்களுக்கு விழுந்த அடி அந்த நாளிதழ் அறிவிப்பில்தான். கோப்பில் அதன் நகலைப் பார்த்தோம். உள்ளங்கை அளவு. தாலுகா, கிராமம், புல எண்கள், பரப்பு, எந்த மண்டலத்திலிருந்து எந்த மண்டலத்துக்கு என்ற விவரம். தெருப் பெயர் இல்லை, பக்கத்தில் எந்தக் குடியிருப்பு என்று இல்லை. எங்கள் முகவரியில் இருப்பது ஒரு நகரின் பெயர், பேருந்து நிறுத்தம் இன்னொரு பெயர். வருவாய்க் கிராமத்தின் பெயரோ மூன்றாவது. அதைப் பத்திரத்தில் தவிர வேறெங்கும் யாரும் சொல்வதில்லை. அதைவிட முக்கியம், அறிவிப்பு வந்த மாதத்தில் எங்கள் கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது. வாங்கியவர்கள் அம்பத்தூர், ஓசூர், துபாய் என்று எங்கெங்கோ வாடகை வீட்டில் இருந்தோம். அந்த இடத்தில் அக்கம்பக்கத்தார் என்று அன்றைக்கு இருந்தவர் பில்டர் ஒருவர்தான். அவரே விண்ணப்பதாரர். கோப்பில் ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆட்சேபணையை யார் எழுதியிருப்பார்கள்?

புகார் கொடுக்கப் போனபோது பில்டரின் பதில் தயாராக இருந்தது. வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தில் இல்லை. பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'படங்கள் கற்பனையே' என்று போட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில், வாங்குபவர் எல்லாவற்றையும் நேரில் பார்த்துத் திருப்தி அடைந்ததாக ஒரு ஷரத்து இருக்கிறது. அதில் எங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அந்த ஷரத்து ஏறத்தாழ எல்லா பில்டரின் ஒப்பந்தத்திலும் இருக்கும், உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தோம். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் பில்டரை நிறையத் தகவல் வெளியிடச் சொல்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது எட்டுக்கு மேல் வீடு என்றால் பதிவு கட்டாயம். அனுமதி, வரைபடம், உரிமைப் பத்திரம், நிலத்தின் மேல் உள்ள கடன் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். ஆனால் இதெல்லாம் திட்டம் நடக்கும் நிலத்தைப் பற்றியது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே அவருக்கே சொந்தமான நிலத்தில் என்ன செய்யப் போகிறார் என்று சொல்ல அந்தப் படிவங்களில் ஒரு கட்டம் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பில்டரோ அவருடைய கூட்டு நிறுவனமோ ஒட்டியுள்ள நிலத்துக்கு மண்டல மாற்றம் கேட்டிருந்தால், ரெரா பக்கத்திலேயே அது வர வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுப்பது 12ஆம் பிரிவு. விளம்பரத்திலோ பிரசுரத்திலோ உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு உண்டு. விலக விரும்பினால் கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திரும்ப வர வேண்டும். நல்லவேளை, சங்கத்தில் நாலைந்து பேர் அந்தப் பிரசுரத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். புகாரின் முதல் ஆவணமே அதுதான். வாட்ஸ்அப்பில் விற்பனைத் தம்பி அனுப்பிய வீடியோவும் இருக்கிறது. வீடு வாங்கும்போது வரும் எந்தக் காகிதத்தையும், எந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு, விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியாக வேண்டும் என்கிறது. சும்மா இருந்ததை மோசடி என்று நிரூபிப்பது கடினம். ஒப்பந்தச் சட்டமே வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடியாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் எழுத்தில் வந்தால் நிலைமையே வேறு. அதனால் முன்பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்:

"இத்திட்டத்தை ஒட்டிய நான்கு பக்கத்து நிலங்களின் புல எண்கள் என்ன? அவற்றில் எதுவாவது உங்களுக்கோ, உங்கள் பங்குதாரர், இயக்குநர், கூட்டு நிறுவனம் யாருக்குமோ சொந்தமா? அவற்றுக்கு நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு விண்ணப்பம் ஏதும் நிலுவையில் உள்ளதா, அல்லது விண்ணப்பிக்கும் உத்தேசம் உள்ளதா?"

பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஃபோனில் கூப்பிட்டுப் பதில் சொன்னால், சொன்னதை நீங்களே எழுதி அதே மின்னஞ்சலில் திருப்பி அனுப்புங்கள். "இந்த வாரக் கடைசியோடு ஆஃபர் முடியுது" என்று அவசரப்படுத்துவார்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது என்று ரெராவின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் நினைவில் வையுங்கள்.

பக்கத்துப் புல எண்களை நீங்களே கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரம்) பாருங்கள், புல வரைபடத்தின் ஓரங்களிலும் இருக்கும். அந்த எண்களை வைத்துக்கொண்டு சிஎம்டிஏ இணையதளத்தில் இன்றைய மண்டலம் என்ன என்று பார்க்கலாம். நிலுவையில் விண்ணப்பம் உண்டா என்று ஆர்டிஐ போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வீட்டுக்கடனுக்கே சில சமயம் அதற்குமேல் ஆகிறது.

எங்கள் கதை இன்னும் முடியவில்லை. கிடங்குக்கு வடக்கே இருக்கும் துண்டுக்கும் மாற்றம் கேட்டு இப்போது அறிவிப்பு வந்திருக்கிறது. இந்தமுறை சங்கத்தில் சுற்றியுள்ள புல எண்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததால், வந்த அன்றைக்கே ஒருவர் பார்த்துவிட்டார். தூசி, சத்தம், தொந்தரவு என்று மட்டும் எழுதாமல், வந்துபோகும் சாலையின் அகலம் என்ன, கிராம வரைபடத்தில் அந்தத் துண்டின் ஓரமாக ஓடும் வாய்க்கால் எது, மழைக்கு எந்த வீட்டு வாசல் வரை தண்ணீர் நின்றது என்று படங்களோடு எழுதினோம். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் கடிதம், சிஎம்டிஏ உறுப்பினர் செயலருக்கு முகவரியிட்டு, நகலில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு. முடிவு வரவில்லை.

அதே பில்டர் மேற்கே புதிதாக ஒரு பிளாக் விற்க ஆரம்பித்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு வந்த ஒரு தம்பதியிடம், பக்கத்தில் இருக்கும் காலி நிலத்தைக் காட்டி அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அந்தப் பெண்ணிடம் பேசினேன், எங்கள் கோப்பு நகலையும் காட்டினேன். அவர்கள் புல எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். அங்கே பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும், கிடங்குக்கு எதிர்க் கேட்டில் சங்கச் செயலாளரைக் கேளுங்கள். கோப்பு முழுவதும் சங்க அறையில் இருக்கிறது, உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டுப் போகலாம்.