உறைபனி அளக்கும் கருவிக்கு எது: பில்ட்ரூட்டா, யோக்டோவா?

ஊட்டி, கோத்தகிரி பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வைக்கும் சின்னக் கருவி. உள்ளே லினக்ஸ், ஒரே ஒரு நிரல். இப்படிச் சிறு கருவிகளுக்கான லினக்ஸை மூலக்கோப்புகளிலிருந்து கட்டித் தரும் மென்பொருள்கள்தான் பில்ட்ரூட்டும் யோக்டோவும். தேவை இவ்வளவுதான் என்றால் பில்ட்ரூட் போதும். 'மேக் மெனுகான்ஃபிக்' கட்டளை திறக்கும் மெனுவில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, 'மேக் சோர்ஸ்' கொடுத்தால் மூலக்கோப்புகள் மொத்தமும் முதலிலேயே இறங்கிவிடும். கோவையில் இறக்கி, அந்த 'டிஎல்' ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தால், மழையில் இணையம் போனாலும் மலையில் பில்ட் (கட்டும் வேலை) ஓடும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பேக்கேஜை (நிரல் தொகுப்பை) மெனுவில் நீக்கினாலும் அதன் கோப்புகள், கருவிக்குப் போகவேண்டியவை சேரும் 'டார்கெட்' ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். 'மேக் கிளீன்' போட்டு முதலிலிருந்து கட்டினால்தான் போகும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு, நிரல்கள் இருக்கும் இடங்களைச் சொல்லும் 'பாத்' மாறியில் இடைவெளி இருந்தால் பில்ட் தொடங்கவே தொடங்காது.

பில்ட்ரூட் தருவது முழு இமேஜ், அதாவது கருவியில் ஏற்றும் மொத்த அமைப்பும் சேர்ந்தது. தனித்தனி பேக்கேஜ் கிடையாது. பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால், சிறு திருத்தத்துக்கும் முழு இமேஜை அனுப்புவது பெரும்பாடு. அங்கேதான் யோக்டோ: மாறிய நிரலை மட்டும் ஐபிகே என்ற பேக்கேஜ் கோப்பாக அனுப்பி, அதை நிறுவும் 'ஓபிகேஜி' நிரலால் ஏற்றலாம். ஆனால் பதிப்பு எண்ணைத் தானாக ஏற்றும் பிஆர் சர்வரை இயக்காமல், ரெசிபியை (நிரலைக் கட்டும் முறை எழுதிய கோப்பை) மட்டும் மாற்றினால் பதிப்பு எண் ஏறாது. கருவி அதைப் புதிதாகவே எடுத்துக்கொள்ளாது.

யோக்டோவுக்கு டிஸ்க் தாராளமாக வேண்டும், 100 ஜிபிக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். ரேம் 8 ஜிபி என்றால், ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்று சொல்லும் 'பிபி நம்பர் த்ரெட்ஸ்', 'பேரலல் மேக்' இரண்டையும் 2 அல்லது 4-க்கு இறக்குங்கள். இல்லையேல் சி++ கம்பைல் நடுவில் செத்துவிழும். 'எஸ்ஸ்டேட்' ஃபோல்டரை அழிக்காதீர்கள். கரண்ட் போய் வந்தாலும் முடிந்த வேலை அங்கே பத்திரமாக இருக்கும்.