16.5 மில்லிமீட்டரா, 9 மில்லிமீட்டரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஸ்டேசன், பக்கத்தில் ரப்பர் தோட்டம், வரிசையாகத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள், இவ்வளவையும் ஒரு பலகையில் பொம்மை ரயிலோடு மாதிரியாகக் கொண்டுவர நினைத்தால் முதல் தகராறே அளவில்தான்.

எச்ஓ (HO) ஸ்கேல், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கான 1:87 எடுத்தால் மனித பொம்மைகள், லாரி, வீடு எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும், வர்ணம் பூசக் கண்ணுக்கும் வசதி. ஆனால் அதன் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் 1435 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கானது. நம் ஊர் ரயில் ஓடுவதோ 1000 மில்லிமீட்டர் மீட்டர்கேஜில்! எவ்வளவு அழகாகச் சரளைக்கல் ஒட்டினாலும் பாதை அகலமாகத் தெரிந்துவிடும். (12 மில்லிமீட்டர் தண்டவாளமும் உண்டு, விலையைப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும்.)

1:120 என்றால் கதை வேறு. 'என்' (N) என்ற இன்னும் சிறிய ஸ்கேலுக்கு விற்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தையே போடலாம், 120ஆல் பெருக்கிக் கணக்குப் பார்த்தால் 1080 வருகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 20 மீட்டர் பால்மரம் (ரப்பர் மரம்) எச்ஓவில் 23 சென்டிமீட்டர், இதில் 17தான், இடம் மிச்சம். ரயில் பெட்டிகளைத்தான் பெரும்பாலும் நாமே செய்துகொள்ள வேண்டும், சரியான தலைவலி.

சும்மா ரயில் ஓட்ட ஆசையென்றால் எச்ஓ வாங்குங்கள். எனக்குப் பாதை நம் ஊர்ப் பாதையாகத் தெரிய வேண்டும், அதனால் 1:120தான். லயத்துத் தகரக் கூரைக்கு மட்டும் இரண்டிலும் ஒரே வைத்தியம்: பால்மாவு டின்னின் அலுமினியத் தாளைச் சீப்புப் பல்லில் வைத்து அழுத்துவது.