ஸ்பானிஷ் கற்கக் குழுவாகக் கடற்கரைக்குப் போகலாமா, தனியாக மலைநகரத்துக்குப் போகலாமா?

காலையில் நான்கு மணி நேரம் வகுப்பு, பிற்பகலில் கடல், இரவில் எல்லோரும் ஒன்றாக உணவு. ஸ்பானிஷ் கற்கும் குழுப் பயணங்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த ஒரே நாளைத்தான் வேறு வேறு படங்களோடு காட்டுகின்றன. அப்படி ஒரு குழுவோடு கோஸ்டா ரிகாவின் பசிபிக் கரையில் இரண்டு வாரம் இருந்தேன். அடுத்த ஆண்டு குவாத்தமாலாவின் மலைநகரமான கெட்சால்தெனாங்கோவில் தனியாக இரண்டு வாரம் படித்தேன். முதல் பயணத்தில் மகிழ்ச்சி அதிகம். இரண்டாவதில் மொழி அதிகம். அது ஏன் என்று விளங்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. வகுப்பு முடிந்த பிறகு யாரோடு சாப்பிட உட்காருகிறோம் என்பதை வைத்தே இந்த இரண்டையும் எடைபோட வேண்டும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறைக்குத் தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்கவே ஒரு பயிற்சி நிறுவனம் உண்டு. ஆங்கிலம் பேசும் ஒருவர் ஸ்பானிஷில் பணி செய்யும் அளவுக்குத் தேற 24 முதல் 30 வாரம், அதாவது ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அளவு. இரண்டு வாரப் பயணத்தில் வகுப்பு நாட்கள் 10; நாளுக்கு நான்கு மணி என்றால் 40 மணி நேரம். 750 எங்கே, 40 எங்கே! ஆனால் அதே இரண்டு வாரத்தில் நாம் விழித்திருக்கும் நேரம், நாளுக்கு 16 மணி என்று வைத்தால், 224 மணி. வகுப்பைக் கழித்தால் 184 மணி மிச்சம். ஊர்விட்டு ஊர் போய்ப் படிப்பதன் முழுப் பயனும் அந்த 184 மணியில்தான் இருக்கிறது. குழுப் பயணம் தடுமாறுவதும் அங்கேதான்.

எங்கள் குழுவில் 11 பேர். வெவ்வேறு நாட்டவர், பொதுமொழி ஆங்கிலம். எல்லோரும் ஒரே விடுதியில் தங்கினோம். வகுப்பில் ஆசிரியை ஸ்பானிஷ் தவிர வேறெதுவும் பேசமாட்டார். பன்னிரண்டு மணிக்கு வகுப்புக் கதவைத் தாண்டியதும் ஆங்கிலம் வந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. வெயிலில் நடந்து களைத்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் தண்ணீர் கேட்கும்போது, தட்டுத்தடுமாறிப் பேசும் மொழியிலா கேட்பார்? இரவு உணவின்போது நாளெல்லாம் நடந்ததைச் சொல்லிச் சிரிக்க வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்த ஸ்பானிஷ் போதவில்லை. இரண்டாம் வாரம் நாங்கள் நெருங்கிய நண்பர்களாகிவிட்டோம். நட்பு நெருங்க நெருங்க ஸ்பானிஷ் விலகியது.

இது எங்கள் குழுவின் குறை மட்டும் அன்று. பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூவி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பிரெஞ்சு கற்ற அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டது. ஒரு பிரிவினர் வழக்கமான கல்லூரி வகுப்பில் படித்தார்கள். ஒரு பிரிவினர் பிரான்சுக்கே போய்ப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் உள்நாட்டிலேயே பிரெஞ்சு மட்டும் பேசும் கடும் கோடைப் பயிற்சியில் இருந்தார்கள். பேச்சின் சரளத்தில் அதிகம் முன்னேறியவர்கள் உள்நாட்டுக் கோடைப் பயிற்சிக்காரர்கள். பிரான்சுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பயன்படுத்தியதாகத் தாங்களே குறித்திருந்தார்கள். விமானமேறிப் போனாலும் வீட்டு மொழி கூடவே வந்துவிடுகிறது.

ஆகவே மூன்றாவதாக ஒரு வழியையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள மிடில்பரி கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப் பள்ளிகளை நடத்திவருகிறது. சேரும் மாணவர் அனைவரும், பயிற்சி முடியும்வரை கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். சுற்றிலும் ஸ்பானிஷ் பேசும் ஊர் இல்லை, வெப்பமண்டலக் கடல் இல்லை. ஆனால் உணவு மேசையிலும் விளையாட்டு மைதானத்திலும் ஸ்பானிஷ் இருக்கிறது. காலமும் கட்டணமும் அதிகம் என்பதால் எல்லோருக்கும் இது எட்டாது. எனினும் அந்த உறுதிமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு எந்தக் கடற்கரைக்கும் போகலாம். அதற்குச் செலவில்லை. எங்கள் குழு அதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று உண்மையிலேயே நினைக்கிறேன்.

கெட்சால்தெனாங்கோவை உள்ளூரார் ஷேலா என்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம். இரவில் நல்ல குளிர். இங்கும், ஸ்பானிஷ் பள்ளிகள் நிறைந்த இன்னொரு குவாத்தமாலா நகரமான ஆன்டிகுவாவிலும் ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்பதே வழக்கம். சிறிய மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, நாளுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம். தங்குவது ஒரு குடும்பத்தோடு. பெரும்பாலும் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மூன்று வேளை உணவும் அவர்களோடுதான். முதல் நான்கு நாட்கள் எனக்குக் கடினமாக இருந்தன. ஒளிந்துகொள்ள இடமில்லை. குழு வகுப்பில் பதில் தெரியாவிட்டால் வேறொருவர் சொல்லிவிடுவார். இங்கே ஆசிரியர் காத்திருப்பார். மாலையில் தலை கனக்கும், பேச ஆளில்லாத தனிமை நெஞ்சை அழுத்தும். ஐந்தாம் நாள் இரவு, அடுப்படியில் அந்த வீட்டு அம்மா தன் மகளின் பரீட்சை பற்றிக் கவலையோடு பேசினார். நான் கேள்வி கேட்டேன், அவர் பதில் சொன்னார், நான் மறுபடி கேட்டேன். எழுந்து அறைக்குப் போகும்போதுதான், முக்கால் மணி நேரம் ஸ்பானிஷில் பேசியிருக்கிறேன் என்பது உறைத்தது. கடற்கரையில் இரண்டு வாரம் முழுவதும் அப்படி ஓர் இரவு எனக்கு வாய்க்கவில்லை.

ஒற்றை மேசையின் இன்னொரு நன்மை, தமிழ் பேசுபவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. குழு வகுப்பு, பெரும்பான்மையினர் எங்கே இடறுகிறார்களோ அங்கே நிற்கும். கோஸ்டா ரிகாவில் ஒரு முழுக் காலையும் 'மே குஸ்தா' என்ற அமைப்புக்கே போயிற்று. 'மே குஸ்தா எல் மார்' என்றால் எனக்குக் கடல் பிடிக்கும். ஆங்கிலத்தில் 'நான்' எழுவாயாக வருவதால், கடல் எழுவாயாகவும் நான் 'எனக்கு' ஆகவும் மாறுவது மற்றவர்களுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நமக்கு அது தாய்மொழியின் அமைப்பு. 'மே துவேலே லா கபேசா' என்பதும் அப்படியே: எனக்குத் தலை வலிக்கிறது. வினையின் ஈறே யார் என்று சொல்லிவிடுவதும் நமக்குப் புதிதில்லை. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'நான்', 'நீ' தேவையில்லை. நான் இடறிய இடம் வேறு. மேசைக்கு ஒரு பால், புத்தகத்துக்கு ஒரு பால் என்று உயிரற்ற பொருளுக்கெல்லாம் பால் பார்த்து 'எல்', 'லா' போடுவது. 'செர்', 'எஸ்தார்' என்ற இரண்டு 'இரு' வினைகளில் எது எங்கே என்று தேர்வது. குழுவில் இவை விரைவாகக் கடந்துபோயின. ஷேலாவில் ஆசிரியர் இரண்டாம் நாளே என் இடறலைக் கண்டுகொண்டார். அந்த வாரத்தின் பாதி அதற்கே போயிற்று.

மலையிலும் குறை உண்டு. ஷேலா வட்டாரத்தில் பல குடும்பங்களின் தாய்மொழி கிச்சே என்ற மாயா மொழி. அட்டிட்லான் ஏரிக்கரையின் சான் பெட்ரோவில் சுட்டுஹில். வீட்டார் தங்களுக்குள் அந்த மொழியில் பேசிக்கொண்டால் நாம் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது அவர்கள் வீடு, அவர்கள் மொழி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம் பதிவு செய்யும் முன் பள்ளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு. செலவைப் பொறுத்தவரை, கோஸ்டா ரிகா மத்திய அமெரிக்காவிலேயே விலை கூடிய நாடுகளில் ஒன்று. குவாத்தமாலாவில் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

கடற்கரைதான் வேண்டும் என்பவர்கள் எந்தக் கடற்கரை என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். கோஸ்டா ரிகாவின் தமரிந்தோவில் (பெயருக்குப் பொருள் புளிதான்) வெளிநாட்டவர் கூட்டம் அதிகம். 'கிரிங்கோ' என்றால் வெளிநாட்டவர், குறிப்பாக அமெரிக்கர்; அதைச் சேர்த்து அந்த ஊருக்குத் 'தமகிரிங்கோ' என்று பட்டப்பெயரே உண்டு. ஸ்பானிஷில் காபி கேட்டால் ஆங்கிலத்தில் விடை வரும். அதே நிக்கோயா தீபகற்பத்தில் தெற்கே உள்ள சாமரா அமைதியான ஊர். பேச்சுக் கொடுத்தால் நின்று பேசுவார்கள். கரீபியன் பக்கம் போனால் வேறு கதை. கோஸ்டா ரிகாவின் புவெர்ட்டோ வியெஹோவிலும் பனாமாவின் போகாஸ் டெல் டோரோ தீவுகளிலும் ஆங்கிலத்திலிருந்து கிளைத்த கிரியோல் மொழி தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. அழகான ஊர்கள், ஆனால் ஸ்பானிஷ் மட்டும் காதில் விழ வேண்டும் என்பவருக்கு ஏற்றவை அல்ல. டொமினிக்கன் குடியரசின் வடகரையில் சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் கேட்காது; 'லோஸ் அமிகோஸ்' என்பது 'லோ அமிகோ' ஆகிவிடும். முதல் மாதம் படிப்பவருக்கு அது மிகவும் வேகம். ஓரளவு தேறியவருக்கு அதைவிடச் சிறந்த காதுப் பயிற்சி இல்லை.

கோஸ்டா ரிகாவில் இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பாடநூல் நண்பருக்குத் 'தூ' (நீ) என்று கற்றுத்தரும். அங்கே நண்பர்கள், கணவன் மனைவி, குழந்தைகளிடம்கூட 'உஸ்தெத்' (நீங்கள்) என்று பேசுபவர்கள் ஏராளம்; 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்ற இன்னொரு வடிவமும் உண்டு. நீயா நீங்களா என்று தயங்கும் தமிழருக்கு இது பெரிய ஆறுதல். மரியாதை வடிவத்தையே எல்லோரிடமும் துணிந்து சொல்லலாம். அதை நான் வகுப்பில் கற்கவில்லை, கடலில் கற்றேன். அலைச்சறுக்குப் பயிற்சியில் என்னைவிட மூத்த ஒருவர் பலகையைப் பிடித்துக்கொண்டு, 'ரேமே! ரேமே!' என்றார்: கையால் துடுப்பிடுங்கள். பிறகு 'பாரேசே!': எழுந்து நில்லுங்கள். இரண்டும் உஸ்தெத்துக்குரிய ஏவல் வடிவங்கள். அலை தூக்கும் கணத்தில் கேட்ட சொல் இன்றுவரை மறக்கவில்லை. கடற்கரைப் பயணத்துக்கு நான் முழு மனதோடு தரும் மதிப்பெண் இதற்குத்தான். உடம்போடு சேர்த்துக் கற்ற சொல் ஒட்டிக்கொள்கிறது.

குழுவின் நன்மையையும் மறைக்க மாட்டேன். எங்களில் ஒரு பெண் அதுவரை தனியாகப் பயணம் செய்ததே இல்லை. குழு இல்லையென்றால் அவர் வந்தே இருக்கமாட்டார். முதல் வாரம் சந்தையில் பழம் வாங்க எங்களில் இருவரைத் துணைக்கு அழைத்துப் போனவர், கடைசி வாரம் தனியாகப் போய்ப் பேரம் பேசிவிட்டு வந்தார். வாய் திறக்கவே அஞ்சுபவருக்கு முதல் பயணம் குழுவாக இருப்பதே நல்லது. ஏற்கெனவே நிகழ்காலமும் இறந்தகாலமும் ஓரளவு தெரிந்து, பேச்சு மட்டும் வராமல் நிற்பவர் குழுவில் சேர்ந்தால் அதே இடத்தில்தான் நிற்பார். அவருக்கு ஒற்றை மேசையும் ஒரு குடும்பமும் வேண்டும்.

குழுவாகவே போவது என்று முடிவெடுத்தவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் படுக்கை எங்கே என்று கேளுங்கள். ஒரே விடுதி என்றால் மறுத்து, ஆளுக்கொரு குடும்பமாகப் பிரித்துத் தங்கவைக்கக் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்கைத் தாண்டினால் யோசியுங்கள். இரவு உணவை வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் சேர்ந்து சாப்பிடுவது என்று உங்களுக்குள் பேசிவைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கூட்டம் மிகுந்த டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட பருவத்தைத் தவிர்த்து, மே அல்லது ஜூனில் போங்கள். பசிபிக் கரையில் அப்போது மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். கடலில் இறங்க முடியாத அந்த இரண்டு மணி நேரம், வீட்டுத் திண்ணையில் அந்த வீட்டுப் பாட்டியோடு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.