எச்சரிக்கை: ‘கேஸ் குறைஞ்சிருச்சுக்கா’ என்று சொல்லும் ஏர்கோன் கடைகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஓர் அக்காவின் 2009 மைவி கார், பதினைந்து மாதத்தில் ஐந்து முறை ஒரே கார் ஏர்கோன் (ஏசி) கடைக்குப் போயிருக்கிறது. ஐந்துக்கும் பில் இருக்கிறது. முதல் மூன்றும் ‘கேஸ் டாப்-அப்’, ஒவ்வொன்றும் 80 வெள்ளி (ரிங்கிட்). நான்காவது, கூலிங் காயில் (காற்றைக் குளிரவைக்கும் சுருள்) கழுவியதற்கு, 180 வெள்ளி. ஐந்தாவது ‘கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் பம்ப்) புதுசு’, 950 வெள்ளி. ஆக மொத்தம் 1,370 வெள்ளி. கடைசிப் பில் போட்டு நான்கு மாதம் முடிவதற்குள் அந்தப் ‘புது’ கம்ப்ரசர் கரகரவென்று சத்தம் போட்டு இறுகிவிட்டது. திரும்பப் போனால், “எல்லாமே மாத்தணும்கா, 1,850 ஆகும்” என்றார்களாம். அதற்குப் பிறகுதான் காரின் ஏர்கோன் வேறு இடத்தில் திறந்து பார்க்கப்பட்டது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அக்காவின் கோரிக்கை பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது, அது அங்கே முடியட்டும். கோலாலம்பூரில் இதே வித்தையைச் செய்யும் கடைகள் இன்னும் பல இருப்பதால், என்ன நடந்தது என்பதையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் எழுதுவதுதான் உதவும்.

திறந்து பார்த்தபோது கண்ணில் பட்டவை மூன்று.

கேஸ் ஏற்றும் வாய்கள் இரண்டு உண்டு. குறைந்த அழுத்தப் பக்கத்து வாய்க்கு மூடி இல்லை. அந்த வாய்க்குள், டயர் வால்வில் இருப்பதுபோல ஒரு சின்ன பின் இருக்கும். அதன்மேல் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிவிட்டுப் பார்த்தால், கடுகளவில் ஒரு குமிழ் எழும்பி, மெல்ல மிளகளவாகப் பெருத்து, உடைந்து, மறுபடியும் எழும்பியது. லீக் அங்கேதான். பின்னில் இருக்கும் ரப்பர் காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு டாப்-அப்புக்கும் கேஜ் (அழுத்தத்தை ஊசியால் காட்டும் கருவி) மாட்டிக் கழற்றும்போது அந்தப் பின் அழுத்தப்படுகிறது, மூடி இல்லாத வாயில் தூசி இறங்குகிறது, லீக் இன்னும் பெரிதாகிறது. கேஸ் ஏற்றிய வேலையே கேஸ் வெளியேறக் காரணமாகியிருக்கிறது. முதல் நாளே பின்னை மாற்றி, வெக்குவம் போட்டு (பம்பால் உறிஞ்சிக் குழாயை வெற்றிடமாக்கி), கேஸ் ஏற்றியிருந்தால் எல்லாம் சேர்த்து 150 வெள்ளியைத் தாண்டியிருக்காது.

இரண்டாவது, பிரஷர் சுவிட்ச். கேஸ் மிகவும் குறைந்தால் கம்ப்ரசரை ஓடவிடாமல் நிறுத்தும் காவல் அது. அதன் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு பின்னுக்கும் நடுவே ஒரு விரல் நீள நீல ஒயரைச் செருகி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இது தவறுதலாக நடப்பதல்ல. கேஸ் இல்லாமல் கம்ப்ரசர் நின்று போனால் வாடிக்கையாளர் உடனே திரும்பி வருவார், கேள்வி கேட்பார். ஒயர் போட்டுவிட்டால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றும் கொஞ்சம் குளிரும், பழுது சில வாரம் தள்ளிப்போகும். கம்ப்ரசருக்குத் தேவையான எண்ணெய், கேஸோடு கலந்துதான் குழாயெல்லாம் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும், லீக் வழியே எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எண்ணெய் இல்லாமல் ஓடிய கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உலோகத் துகளாக உதிரும். நல்ல கம்ப்ரசரைக் கொன்றது அந்த ஒயர்தான்.

மூன்றாவது, ‘புதுசு’ என்று பில்லில் எழுதிய கம்ப்ரசர். கறுப்புப் பெயின்ட் போல்ட் துளையின் மரைக்குள்ளேயும் இறங்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் மங்கிப்போன பழைய அலுமினியம். லேபிள் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் மிச்சம். ஹாஃப்-கட் கடையில் (பழைய கார்ச் சாமான் கடையில்) வாங்கிய பழையதைச் சாயம் பூசி மாட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து எண்ணெயைக் கவிழ்த்தபோது கறுப்பாக, வெளிச்சத்தில் பளபளக்கும் துகளோடு வடிந்தது. பழைய கம்ப்ரசர் உதிர்த்த துகள் கண்டென்சரில் (காரின் முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) தங்கியிருக்க, அதைத் தொடாமல் மேலே இன்னொரு கம்ப்ரசரைப் பூட்டினால் வேறு எப்படி முடியும்?

பெட்ரோல் எரிந்து தீரும், கறுப்பெண்ணெய் கெட்டுப்போகும். ஏர்கோன் கேஸ் அப்படித் தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் ஆண்டுக்குக் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். நல்ல நிலையில் உள்ள கார் ஐந்தாறு ஆண்டு கேஸ் ஏற்றாமலே ஓடும். ஆறு மாதத்தில் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் காட்டாமல் கேஸ் ஏற்றுகிறவர் உங்களுக்கு விற்பது அடுத்த பில்லை. ‘ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் மாத்தணும்’ என்று சொல்பவரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

கேஜைக் காட்டி ஏமாற்றுவது எளிது. எஞ்ஜின் நின்ற நிலையில், நம் ஊர் வெயிலில், ஆர்-134ஏ என்ற வழக்கமான கேஸ் இருக்கும் எந்தக் காரிலும் இரண்டு ஊசியும் 95 முதல் 110 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வரை காட்டும். உள்ளே திரவமாகக் கொஞ்சம் கேஸ் மிச்சமிருந்தாலே போதும், 150 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் ஊசி அங்கேதான் நிற்கும். வெப்பத்தைப் பொறுத்த அழுத்தம் அது, அளவைப் பொறுத்ததல்ல. ஆகவே எஞ்ஜினை நிறுத்திவிட்டு ஊசியைக் காட்டி ‘குறைவு’ என்றாலும் ‘போதும்’ என்றாலும் நம்பாதீர்கள்.

எஞ்ஜின் ஓடும்போது, புளோவர் முழு வேகத்தில், ஏர்கோன் போட்டுப் பார்க்க வேண்டும். குறைந்த பக்கம் 30 முதல் 40, உயர்ந்த பக்கம் 200 முதல் 250 என்றால் நம் வெப்பத்துக்குச் சரி. இரண்டும் இறங்கியிருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சர் அடைத்திருக்கிறது, அல்லது முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை. குறைந்த பக்கம் ஏறி, உயர்ந்த பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் வலுவிழந்திருக்கும். குறைந்த பக்கம் பூச்சியத்தை நெருங்கினால் எக்ஸ்பென்ஷன் வால்வில் (காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) அடைப்பு என்று சந்தேகிக்கலாம்.

இதில் ஃபேன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான். கார் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்றால் காற்று சூடாகிறது என்றால், கேஸைத் தொடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஓடும் காருக்கு எதிர்காற்று போதும், நிற்கும் காருக்கு ஃபேன்தான் வழி. மோட்டாரோ ரிலேயோ ஃபியூஸோ போயிருக்கும். அந்தக் காரில் போய் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறி, கம்ப்ரசர்தான் அடிவாங்கும். சிலர் வேண்டுமென்றே ஃபேன் சாக்கெட்டையோ கிளட்ச் (கம்ப்ரசரை எஞ்ஜினோடு இணைப்பது) சாக்கெட்டையோ கழற்றிவிட்டு ‘கம்ப்ரசர் அவுட்’ என்று காட்டுவதும் உண்டு. எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் கிளட்ச் ஒயர் மாட்டியிருக்கிறதா, ஏர்கோன் போட்டதும் ‘டக்’ என்று கிளட்ச் ஒட்டுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

காற்றின் அளவே குறைந்து, வருவது மட்டும் குளிராக இருந்தால் கேஸ் காரணமல்ல. காயில் முகத்தில் தூசி படிந்திருக்கும், அல்லது கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். முதல் தலைமுறை மைவிகள் பலவற்றில் ஃபில்டருக்கு இடம் மட்டும்தான் இருந்தது, ஃபில்டர் இல்லை. அதனால் காயில் சீக்கிரம் அடைந்து, ஈரத்தில் அரித்து, லீக்காவது வழக்கம். நுரை மருந்தைக் குழாய் வழியே அடித்துவிட்டு ‘காயில் கழுவியாச்சு’ என்று 180 வெள்ளி வாங்கினால், கழற்றாத காயிலுக்குக் கழற்றிய விலை கொடுத்திருக்கிறீர்கள்.

ஒழுங்காகச் செய்கிறவர் முதலில் லீக்கைத் தேடுவார். வால்வு பின், குழாய் மூட்டுகள், கம்ப்ரசர் கிளட்சின் பின்புறம், கல்லடிபட்ட கண்டென்சர் முகம், காயில் தண்ணீர் வடியும் குழாய் வாய், இவ்வளவையும் பார்க்க வேண்டும். எண்ணெய் கசிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும், கண்ணுக்கே தெரியும். சோப்புத் தண்ணீரில் அகப்படாத சின்ன லீக்குக்கு நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பார்கள், அல்லது ஒளிரும் சாயம் விட்டு ஊதா விளக்கில் பார்ப்பார்கள். பழுதை மாற்றிய பிறகு திறந்த மூட்டெல்லாம் புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்), எண்ணெய் தடவி. வால்வு பின்னும் ஏர்கோனுக்கு உரியதாகவே இருக்க வேண்டும், டயர் பின்னின் ரப்பர் இந்தக் கேஸையும் எண்ணெயையும் தாங்காது. மூடியில் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதுவும் ஒரு சீல்தான். மூடி இல்லாமல் கார் வெளியே வரக் கூடாது.

பிறகு வெக்குவம். பம்பை மாட்டி ஊசி பூச்சியத்துக்குக் கீழே 29 அங்குலப் பாதரச அளவுக்கு இறங்கிய பின், குறைந்தது அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். அந்த வெற்றிடத்தில் உள்ளே தங்கிய ஈரம் நம் ஊர் வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை உள்ளிருந்து தின்னும். பம்பை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊசி அசையாமல் நின்றால் மூட்டுகள் பிடித்திருக்கின்றன என்று பொருள். ஐந்து நிமிடத்தில் ‘வெக்குவம் முடிஞ்சுது’ என்றால் அது முடியவில்லை.

கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும். பானெட்டின் உட்புறத்திலோ முன்சட்டத்திலோ ஒட்டியிருக்கும் லேபிளில் கேஸின் வகையும் கிராமும் இருக்கும்.  தராசில் சிலிண்டரை வைத்து ஏற்றச் சொல்லுங்கள், எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் 1234ஒய்எஃப் என்ற வேறு கேஸின் பெயர் இருக்கும், அதில் பழைய கேஸை ஏற்றவிடாதீர்கள். ஹைப்ரிட் கார்கள் பலவற்றில் மின்சாரக் கம்ப்ரசர், அதற்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். சாதாரண எண்ணெய் கலந்தால் காரின் கணினி கோளாறு காட்டிக் கம்ப்ரசரையே மாற்ற வைக்கும். ‘இன்னும் நல்லா குளிரும்’ என்று பெயரில்லாத டின்னைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எரியக்கூடிய கேஸும் வீட்டு ஏர்கோன் கேஸும் அந்தப் பெயரில்தான் காருக்குள் போகின்றன.

வேலை முடிந்ததும் நடு வென்டில் தெர்மாமீட்டர் செருகிப் பாருங்கள். உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடத்தில் 10 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும்.

கம்ப்ரசர் உண்மையிலேயே உள்ளே உதிர்ந்திருந்தால் அதோடு கண்டென்சர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பகுதி), எக்ஸ்பென்ஷன் வால்வு மூன்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போதைய கண்டென்சரின் குழல்கள் மிக நுண்ணியவை, துகளை அலசி எடுக்க முடியாது. மற்றக் குழாய்களைத் திரவம் விட்டு அலசலாம். அதனால் பில் பெரிதாக வருவது எல்லா நேரமும் மோசடி ஆகிவிடாது. அந்த அக்காவின் கார் இப்போது இருக்கும் நிலையில் இவ்வளவும் வேண்டும், வேறு வழியில்லை. 150 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியது இங்கே வந்து நிற்கிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பில்லில் ‘ஏர்கோன் சர்வீஸ்’ என்று பொதுவாக எழுத விடாதீர்கள். எந்தச் சாமான், புதியதா ரீகோனா (பழையதைப் புதுப்பித்தது) பழையதா, எத்தனை கிராம் கேஸ், எத்தனை மாத வாரண்டி என்று எழுத்தில் வேண்டும். கழற்றிய சாமானை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள். “அது எதுக்குக்கா, குப்பைதானே” என்பார்கள். அந்தக் குப்பைதான் சாட்சி.

ஏமாந்த பிறகு போக வேண்டிய இடம் மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கைக்குக் காரணம் எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலும் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் கடைக்கு எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேட்டு, அந்தச் செய்தியின் நகலையும் இணைத்தால் நல்லது.

அந்த அக்காவின் கோரிக்கைப் படிவத்தோடு போயிருப்பவை: ஐந்து பில், நீல ஒயர் சாக்கெட்டில் இருந்தபடியே எடுத்த படம், சுரண்டிய கம்ப்ரசரின் படம், ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் அந்த வால்வு பின். கம்ப்ரசரை எண்ணெய் வடித்து, பெட்டியில் கட்டி, காரின் டிக்கியிலேயே வைத்திருக்கிறார்.