கிருஷ்ணகிரி பக்கம் வாடகைக்கு வரும் கபடி ஸ்கோர் போர்டு: கடைசி இரண்டு நிமிடத்துக்குத் தாங்குமா?

பொங்கல் நெருங்கினால் காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, அந்தப் பக்கம் பாலக்கோடு, பென்னாகரம் என்று எங்கே பார்த்தாலும் மின்னொளி கபடிதான். மேட், ஃபோக்கஸ் லைட், மைக் செட்டோடு இப்போது எலக்ட்ரானிக் ஸ்கோர் போர்டும் வாடகைக்கு வருகிறது. எல்.இ.டி எண்கள், இரண்டு அணிக்கும் ஸ்கோர், நடுவில் ஆட்ட நேரம், அதன் கீழே 30 நொடி ரைடு (எதிரணி பக்கம் பாடிப் போவது) கடிகாரம், ஒவ்வொரு பக்கமும் ஏழு ஆட்டக்காரர் விளக்கு, அதற்கும் கீழே இரண்டு சின்ன மஞ்சள் விளக்கு. நேரம் முடிந்தால் சைரன். கையில் ஒரு ரிமோட் பெட்டி. வாங்குகிற கமிட்டிகள் எண்ணின் உயரத்தையும் சைரன் சத்தத்தையும் பார்த்துத்தான் பேசி முடிக்கிறார்கள். போர்டின் உண்மையான மதிப்பு அந்த மஞ்சள் விளக்கிலும் ரைடு கடிகாரத்திலும்தான் இருக்கிறது. ஸ்கோர் எவ்வளவு என்று பார்வையாளர் கூட்டமே கத்திச் சொல்லிவிடும். எத்தனை எம்ட்டி ரைடு (பாயிண்ட் எடுக்காமல் திரும்பியது) போயிருக்கிறது, இன்னும் எத்தனை ரைடு மிச்சம் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மஞ்சள் விளக்கு என்பது எம்ட்டி ரைடு கணக்கு. ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரைடில் பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் மூன்றாவது ரைடு டூ ஆர் டை. அதில் பாயிண்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட், எதிரணிக்கு ஒரு பாயிண்ட். முன்னணியில் இருக்கும் அணி நேரத்தை ஓட்ட நினைத்தால் அதற்குக் கிடைப்பது இந்த இரண்டு ரைடுதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் முன்னணி அணி கடைசியில் பந்தை வாங்கி மண்டி போட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு உள்ள 40 நொடியை அப்படியே ஓடவிடும். எதிரணியிடம் டைம் அவுட் மிச்சம் இல்லையென்றால் மூன்று தடவையில் இரண்டு நிமிடம் போய்விடும். கபடியில் மண்டி போடுவதற்குச் சமம் எம்ட்டி ரைடு. ஆனால் இங்கே மூன்றாவது தடவை சும்மா விடாது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். இரண்டு பாயிண்ட் முன்னணி, ஆட்டத்தில் 2:00 மிச்சம், நம்முடைய ரைடு, மஞ்சள் விளக்கு ஒன்றும் எரியவில்லை, அவர்கள் பக்கம் ஏழு பேரும் நிற்கிறார்கள். ரைடர் 29 நொடி நின்று திரும்புகிறார்: 1:31. எதிரணிக்கு அவசரம், வந்து பாயிண்ட் இல்லாமல் போக மொத்தம் 12 நொடி: 1:19. அவர் திரும்பியதிலிருந்து ஐந்து நொடிக்குள் நம் ரைடர் போக வேண்டும். நான்கு நொடி காத்திருந்து 1:15-க்கு நடுக்கோட்டைத் தாண்டி, மறுபடி 29 நொடி: 0:46. எதிரணிக்கு அதேபோல் இன்னொரு 12: 0:34. நான்கு நொடி காத்திருந்தால் சரியாக 0:30-க்கு நம் ரைடர் உள்ளே. ஆட்டம் அவர் காலடியிலேயே முடிகிறது. இது டூ ஆர் டை, இரண்டு விளக்கும் எரிகிறது. அவர் வெறும் கையோடு அவுட் ஆனாலும் ஒரு பாயிண்ட்தான் போகும், ஒரு பாயிண்டில் வெற்றி. அந்த இரண்டு நிமிடத்தில் எதிரணிக்குக் கிடைத்தது இரண்டே ரைடு.

இதையே முதல் இரண்டு ரைடிலும் 29-க்குப் பதில் 28 நொடியில் திரும்பிப் பாருங்கள். மூன்றாவது தடவை நடுக்கோட்டைத் தாண்டும்போது 0:32. ரைடு 30 நொடிக்கு மேல் போகாது. 0:02-க்குள் திரும்பியாக வேண்டும். எதிரணி ரைடர் கோட்டில் காலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். சைரனுக்கு முன்னால் உள்ளே நுழைந்துவிட்டால் அந்த ரைடை முழுதாக முடிக்க விதி அனுமதிக்கிறது. ரைடுக்கு ஒரு நொடி வீதம் விட்டதற்குக் கூலியாக எதிரணிக்கு ஒரு முழு ரைடு. இரண்டு மிச்ச நொடி முப்பது நொடியாக நீண்டுவிடும்.

ஆகவே கேப்டனுக்கு வேண்டியது ஒரே பார்வையில் மூன்று விஷயம்: ஆட்ட நேரம், ரைடு நேரம், மஞ்சள் விளக்கு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதுதான் இந்த போர்டின் பெரிய பலம். பழைய முறையில் மேசை அம்பயர் ஸ்டாப் வாட்சைப் பார்த்து "லாஸ்ட் ஃபைவ்" என்று அறிவிப்பார், அதற்கப்புறம் "அண்ணா, எவ்வளவு இருக்கு? எத்தனை எம்ட்டிண்ணா?" என்று ரைடுக்கு ரைடு மேசைப் பக்கம் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வருவதற்குள் ரைடர் உள்ளே போயிருப்பார்.

ரைடு கடிகாரத்தில்தான் முதல் குறை. ரைடர் நடுக்கோட்டைத் தாண்டும்போது ஆபரேட்டர் பட்டனை அழுத்துகிறார். ஒயர் ரிமோட்டில் உடனே ஓடுகிறது. ஒயர்லெஸ் ரிமோட்டில் பேட்டரி இறங்கினாலோ, நடுவில் கூட்டம் எழுந்து நின்றாலோ, முதல் அழுத்தல் விழாமல் இரண்டாவது தடவை அழுத்த வேண்டியிருக்கிறது. ஒன்று, ஒன்றரை நொடி அதில் போகும். போர்டில் 2 என்று பார்த்து ரைடர் நிதானமாகத் திரும்புவார். அம்பயர் கையில் உள்ள வாட்சில் அதற்குள் 30 முடிந்திருக்கும், ரைடர் அவுட். மேலே போட்ட கணக்கில் ஒரு நொடி என்ன வேலை செய்கிறது என்று பார்த்தோம். ஒயர் ரிமோட் உள்ள செட்டையே கேளுங்கள். மேசையிலிருந்து போர்டு வரை ஒயரை மேட்டுக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோய், ஆள் நடக்கும் இடத்தில் மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போதும்.

இரண்டாவது குறை கரண்ட். ஈ.பி லைன் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் உள்பேட்டரி இல்லாத போர்டு அணைந்து, திரும்ப எரியும்போது 20:00 என்று காட்டும். ஸ்கோர் 0-0. ஸ்கோரைச் சீட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றிவிடலாம், நேரத்தை எங்கிருந்து எடுப்பது? உள்பேட்டரி உள்ள செட் விட்ட இடத்திலேயே நிற்கும். அது இல்லையென்றால் போர்டுக்கு மட்டும் தனி இன்வர்ட்டர் கொடுங்கள், ஃபோக்கஸ் லைட்டோடு ஒரே லைனில் சேர்க்க வேண்டாம். எது எப்படியோ, மேசையில் கையால் இயக்கும் ஸ்டாப் வாட்ச் ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டத்தை முடிவு செய்வது அம்பயரின் வாட்சும் ஸ்கோர் சீட்டும்தான். போர்டு அதைக் காட்டும் கண்ணாடி, அவ்வளவே.

டைம் அவுட் பட்டன் நன்றாக வேலை செய்கிறது. அமெச்சூர் விதிப்படி ஒரு பாதிக்கு ஒரு அணிக்கு 30 நொடி டைம் அவுட் இரண்டு, அப்போது ஆட்ட நேரம் நிற்கும். இந்த போர்டில் ஒரே பட்டனில் ஆட்ட நேரம் நின்று, 30 நொடி தனியாக ஓடி, முடிந்ததும் சைரன் அடிக்கிறது. ஆனால் எத்தனை டைம் அவுட் மிச்சம் என்று காட்ட இடமே இல்லை. பின்தங்கிய அணிக்கு இது பெரிய நஷ்டம். இரண்டாம் பாதியில் ஒன்றையாவது கடைசி மூன்று நிமிடத்துக்கு வைத்திருப்பார்கள். டூ ஆர் டைக்கு முன்னால் எடுத்து ஆள் மாற்றவும், மூச்சு வாங்கவும் அதுதான் வழி. மேசையில் ஒரு அட்டையில் எழுதி வைப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை.

ஏழு ஆட்டக்காரர் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கடைசி நேர முடிவுகள் பாதி அதை வைத்துத்தான். எதிரணியில் ஆறு பேர் அல்லது அதற்கு மேல் நின்றால்தான், ரைடர் தாண்டினால் ஒரு பாயிண்ட் தரும் போனஸ் கோடு திறந்திருக்கும். மூன்று பேர் அல்லது அதற்குக் கீழ் என்றால் பிடித்தவர்களுக்கு சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். டூ ஆர் டை ரைடு மூன்று பேர் நிற்கும் பக்கம் விழுந்தால் ஒரு பாயிண்ட் முன்னணி அந்த ஒரே பிடியில் கவிழும். அதனால் விவரமான கேப்டன் எதிரணி விளக்கு நான்கில் இருக்கும்போதே தன் எம்ட்டி கணக்கை நினைக்கத் தொடங்குவார்: இப்போதே ஒரு டச்சுக்கு முயற்சி செய்து மஞ்சள் விளக்கை அணைத்துவிடலாமா, இல்லை ஓட்டலாமா என்று. பின்தங்கியவர்கள் பக்கம் மூன்று பேர் நின்றால், போர்டைப் பார்த்து கார்னர்கள் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) அவசரப்பட்டு காலைப் பிடிக்கப் போகாமல் மூன்றாவது ரைடு வரும் வரை பொறுப்பார்கள். இந்த போர்டில் ஆள் விளக்கை ஆபரேட்டர்தான் கையால் அணைத்து ஏற்ற வேண்டும். ரிவைவல் (அவுட் ஆனவர் திரும்ப உள்ளே வருவது) நடக்கும்போது ஒரு விளக்கு தாமதமாக எரிந்தால் ஆறா ஐந்தா என்று ரைடர் குழம்பி போனஸை விட்டுவிடுவார். மேசையில் இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் நேரம், ஒருவர் விளக்கு. ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுப்பதுதான் பெரும்பாலான தகராறுக்குக் காரணம்.

நேரம் ஓட்டும் ரைடர்கள் செய்யும் ஒரு தவறும் இங்கே சொல்லத் தகும். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கமே நடனமாடிவிட்டுத் திரும்புவது. டச் இல்லாத ரைடில் பாக் லைனை ஒரு தடவையாவது தாண்டாவிட்டால் ரைடர் அவுட். ஆண்கள் களத்தில் அது நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர். முதல் பத்து நொடிக்குள் பாக் லைனைத் தாண்டி வைத்துவிட்டு, மிச்ச இருபதை லாபிக்கு, அதாவது டச்சுக்குப் பிறகுதான் கால் வைக்கக்கூடிய ஓரப் பட்டைக்கு, போகாமல் நடுவில் ஓட்ட வேண்டும்.

லாபி என்றதும் 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி நினைவுக்கு வராமல் இருக்காது. இந்தியா, ஈரான், 28-28, ஆட்டம் முடியும் தறுவாய், இந்திய ரைடர் பவன் செராவத்தின் டூ ஆர் டை ரைடு. டச் இல்லாமல் லாபியில் கால் வைத்தார், ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் பின்னாலேயே லாபிக்குள் வந்தார்கள். யார் யார் அவுட், எந்த விதி என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம். அத்தனை பெரிய மேடையிலேயே போர்டில் உள்ள எண் மாறி மாறி நின்றது. ஊர் போட்டியில் லாபி விதி எது என்பதை டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிடுவது நல்லது. எந்த போர்டும் அதைத் தீர்க்காது.

டை பிரேக்கருக்கு இந்த போர்டு ஒத்துவராது. புரோ கபடியில் 2022 டிசம்பரில் தமிழ் தலைவாஸ், யு.பி. யோதாஸை 36-36-க்குப் பிறகு 6-4 என்று டை பிரேக்கரில் வென்றது போல ஐந்து ஐந்து ரைடு வந்தால், எத்தனையாவது ரைடு என்று காட்ட இதில் வசதி இல்லை.

வைக்கும் இடத்தில் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். மேடைக்கு அழகாக இருக்கிறது என்று எண்டு லைனுக்குப் பின்னால் நிறுத்தினால், ஒரு அணி ரைடருக்கு நேர் எதிரே கடிகாரம், மற்ற அணி ரைடருக்கு முதுகுக்குப் பின்னால். பாதி நேரத்தில் பக்கம் மாறினாலும், கடைசி இரண்டு நிமிடம் ஒருவருக்கு மட்டும் வாய்ப்பு. நடுக்கோட்டுக்கு நேராக, மேசைக்கு எதிர்ப்பக்கம், ஆள் தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். ஃபோக்கஸ் லைட் நேராக போர்டு மீது அடித்தால் மஞ்சள் விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி, தை இரவில் பனி கொட்டும். முன் கண்ணாடியை ஆட்டத்துக்கு ஆட்டம் துணியால் துடைக்க ஒரு பையனை நிறுத்துங்கள். பர்கூர் பக்கத்து மண் தளத்தில் அதே துணி செம்புழுதிக்கும் ஆகும்.

மேட்டோடு சேர்த்து மொத்த வாடகை பேசுவார்கள். போர்டு, ஆபரேட்டர் கூலி, போக்குவரத்து மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு நாளில் நாலைந்து ஆட்டம் மட்டும் நடக்கும் சின்ன போட்டிக்கு இது தேவையில்லை, நல்ல மேசை அம்பயரும் இரண்டு ஸ்டாப் வாட்சும் போதும். பரிசுத் தொகை பெரிதாக வைத்து, வெளி மாவட்ட அணிகளை அழைத்து, இரவு முழுக்க நடத்தும் போட்டி என்றால் ஒயர் ரிமோட்டும் உள்பேட்டரியும் உள்ள செட்டை எடுக்கலாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். ஒயர்லெஸ் மட்டும் உள்ளதென்றால் இரண்டரை.

முன்பணம் கொடுக்கும் முன் போர்டைப் போடச் சொல்லி மூன்று சோதனை செய்யுங்கள். ஆட்ட நேரத்தை 0:33-இல் நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, 0:30 வரும்போது ரைடு பட்டனை அழுத்துங்கள். இரண்டு கடிகாரமும் ஒன்றாக இறங்கி ஒன்றாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அடுத்து எம்ட்டி பட்டனை இரண்டு தடவை அழுத்தி மஞ்சள் விளக்கு இரண்டும் எரிகிறதா, ஒரு பாயிண்ட் ஏற்றியதும் இரண்டும் அணைகிறதா பாருங்கள். கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து எண்ணி, திரும்பச் செருகுங்கள்.