முகாமுக்கு எதை எடுத்துப் போவது: ரப்பர் பட்டையா, மணல் மூட்டையா, வளையமா?

ராணுவத்தில் முகாமுக்குப் போகச் சொல்லும் போஸ்டிங் உத்தரவு கைக்கு வந்ததும், எடை தூக்கிப் பழகியவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். ஜிம் இல்லாத இடத்தில் இத்தனை மாதம் என்ன செய்வது? பையில் இடமும் குறைவு, எடைக்கும் வரம்பு உண்டு. சீருடை, பூட்ஸ் எல்லாம் போக மிஞ்சும் மூலையில் ஒரே ஒரு கருவிதான் அடங்கும். ரப்பர் பட்டை, கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு), மணல் மூட்டை, மர வளையம் (ஜிம்னாஸ்டிக்ஸில் நாடாவில் தொங்குமே, அது) என்று நான்கையும் முகாம்களில் பயன்படுத்திப் பார்த்தபிறகு நான் வளையத்தில் வந்து நின்றேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

கனமான எடை இல்லாவிட்டால் தசையெல்லாம் கரைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தசை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஒரு செட்டில் (ஓய்வில்லாமல் செய்யும் ஒரு சுற்று) 5 ரெப்பும் (ஓர் அசைவை ஒருமுறை முடிப்பது ஒரு ரெப்) பலன் தரும், 30 ரெப்பும் பலன் தரும். இன்னும் ஒன்றிரண்டுக்கு மேல் முடியாது என்ற இடம்வரை போக வேண்டும், அவ்வளவுதான். இருப்பதைக் காப்பாற்றுவது அதைவிடச் சுலபம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 முதல் 35 வயதுக்காரர்கள் பயிற்சியை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் 32 வாரங்கள் தசை அளவை விடாமல் வைத்திருந்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அளவு போதவில்லை. நம்மில் பெரும்பாலோர் முதல் வகை. எனவே எந்தக் கருவியை எடுத்துப் போனாலும் இருப்பது போய்விடாது. வளர வேண்டும் என்றால்தான் கருவிகளுக்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

வளர்ச்சிக்கு அடிப்படை ஒன்றுதான்: சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும். இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவரே ஒரு ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவின் கார்டினர் மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க மருத்துவர், காலில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு லேசான பயிற்சிக்குப் பதில் கனமான எடையைக் கொடுத்து, அதைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார். நல்ல பலன் கிடைத்தது. 1945-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். இன்று எல்லா ஜிம்மிலும் சொல்லும் 10 ரெப், 3 செட் என்ற கணக்கு பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே கருவியை எடுப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. அடுத்த வாரம் இதில் ஒரு சின்ன அளவு கூட்ட முடியுமா, கூட்டியது எவ்வளவு என்று எனக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியில் கெட்டில்பெல் முதலிலேயே விழுந்துவிடுகிறது. நல்ல கருவிதான், கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசித் தூக்கும் ஸ்விங்குக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் 24 கிலோ எடுத்துப் போனால் கடைசி நாள்வரை 24 கிலோதான். முகாமில் யாராவது விட்டுப்போனது கிடந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள். சுமந்துகொண்டு போகாதீர்கள்.

ரப்பர் பட்டையைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். காரணம் புரிகிறது. மடித்தால் கையளவு, எடையே இல்லை, சத்தமும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இரவுப் பணி முடித்து ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் நீங்கள் பாட்டுக்குச் செய்யலாம். தோள் மூட்டைச் சூடேற்றவும், ட்ரைசெப்ஸ் (மேல்கையின் பின்பக்கத் தசை) மாதிரி சின்ன தசைகளுக்கும் எனக்கு இன்றும் பட்டை பிடிக்கும். ஆனால் அதையே முழுப் பயிற்சியாக வைத்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, பட்டை இழுக்க இழுக்கத்தான் கடினமாகும். தசை நன்றாக நீண்டிருக்கும் தொடக்கத்தில் சுமை மிகக் குறைவு, சுருங்கி முடியும் இடத்தில் மிக அதிகம். தசை வளர நீண்ட நிலையில் சுமை இருப்பது நல்லது என்றுதான் சமீபத்திய ஆய்வுகள் சொல்லிவருகின்றன, அதாவது பட்டை தருவதற்கு நேர்மாறு. இரண்டாவது, சுமை எவ்வளவு என்றே தெரியாது. அரையடி பின்னால் தள்ளி நின்றால் கூடும், முன்னால் வந்தால் குறையும். ஒரு பட்டையிலிருந்து அடுத்த தடிமனுக்குப் போகும்போது படி ஏறுவதுபோல் இருக்காது, மாடிக்கே தாவ வேண்டியிருக்கும்.

ஆயுள் வேறு. ரப்பருக்கு வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. தகரக் கொட்டகையில் ஆணியில் மாட்டி வைத்த பட்டையை இழுத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழைபோல் குறுக்குக் கோடுகள் தெரியும். அது தெரிந்த அன்றே தூக்கிப் போட்டுவிட வேண்டும். எங்கள் அறையில் ஒருவருடைய பட்டை, முகத்துக்கு நேராக இழுக்கும்போது அறுந்து புருவத்துக்கு மேல் அடித்தது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மணல் மூட்டையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். வெறும் பையாகத்தான் எடுத்துப் போகிறோம், எடையை அங்கே போய் அள்ளிக்கொள்கிறோம். காய்ந்த மணல் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ வரும், ஆக 40 லிட்டர் பையை நிரப்பினால் 60 கிலோவைத் தாண்டிவிடும். அதை மார்போடு அணைத்து ஸ்குவாட் போடலாம், தோளில் ஏற்றி நடக்கலாம், தரையிலிருந்து தூக்கலாம். மூட்டை கைக்குள் நிற்காமல் நழுவுவதால் முதுகும் இடுப்பும் முழுநேரமும் வேலை செய்யும். காயம்பட்டவரைத் தூக்குவதற்கு இதைவிட நெருக்கமான பயிற்சி எனக்குத் தெரியாது. கால்களுக்கும் முதுகுக்கும் மட்டும் என்றால் இதற்குத்தான் என் ஓட்டு.

மேலுடம்புக்கு வரும்போதுதான் பிரச்சினை. குனிந்து இழுக்கும் ரோ செய்யலாம், தலைக்கு மேல் தூக்கலாம், ஆனால் புல்-அப் மாதிரி மேலிருந்து இழுக்கும் எதற்கும் வழியில்லை. எடையைக் கூட்டுவதும் அள்ளிப்போட்டால் ஆயிற்று என்று இருக்காது. உள்ளே சின்னச் சின்னப் பைகளில் மணலைக் கட்டிவைத்து, ஒன்று கூட்டி ஒன்று குறைத்து மாற்ற வேண்டும். மணல் நனைந்தால் கனம் ஏறிவிடும். போன வாரம் தூக்கியதும் இந்த வாரம் தூக்குவதும் ஒன்றுதானா என்று சந்தேகம் வரும். ஜிப் ஓரமாகத் தூசி கசிந்து படுக்கை, துணி, கண் என்று எல்லா இடத்துக்கும் போகும். வெளியே வைத்துச் செய்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

சரி, வளையத்துக்கு வருகிறேன். இரண்டு மர வளையம், இரண்டு நாடா, இரண்டு பக்கிள். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவைச் சுற்றித்தான் வரும். நாடாவைச் சுருட்டி வளையத்துக்குள் செருகிவிட்டால் ஒரு ஜோடி காலணியின் இடம் போதும். மாட்டுவதற்கு உறுதியான ஓர் இடம் வேண்டும்: இரும்பு உத்தரம், புல்-அப் கம்பி, தொடை தடிமனுள்ள பச்சை மரக்கிளை. கூடாரக் கம்பத்தில் மட்டும் மாட்டாதீர்கள், அது பக்கவாட்டில் ஆடும் சுமையைத் தாங்காது. நாடாவைத் தொங்கவிட்டுப் பயிற்சி செய்வது படைவீரர்களுக்குப் புதிதும் அல்ல. டி.ஆர்.எக்ஸ். என்று விற்கும் நாடாக் கருவியின் தொடக்கமே அப்படித்தான். அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான சீல் பிரிவில் இருந்த ராண்டி ஹெட்ரிக் 1997-இல் பணியிடத்தில் ஒரு ஜுஜுட்சு பெல்ட்டையும் பாராசூட் நாடாவையும் சேர்த்துத் தைத்துக்கொண்டதிலிருந்து வந்தது அது. ஆனால் அது ஒற்றைப் புள்ளியில் தொங்கும், டிப்ஸ் (இரு கைகளையும் ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றுவது) செய்வதற்கு ஏற்றதல்ல. தனித்தனியாகத் தொங்கும் இரண்டு வளையத்தில் டிப்ஸ், புல்-அப், ரோ, தண்டால் எல்லாமே வரும்.

சுமையைக் கூட்டும் விஷயத்தில்தான் வளையம் மற்றதையெல்லாம் தாண்டிப் போகிறது. ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து நின்று மார்பை மேலே இழுக்கிறோம். நிமிர்ந்து நின்றால் சுலபம், கால்களை முன்னால் நகர்த்தி உடம்பைக் கிடையாக்க ஆக்கக் கடினம். நான் குதிகால் ஊன்றும் இடத்தில் தரையில் ஒரு கோடு போட்டுவிடுவேன். 12 ரெப் சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த முறை கோட்டிலிருந்து கட்டைவிரல் அகலம் முன்னால். கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய முன்னேற்றம் அது. தண்டாலுக்கும் இதே கணக்குதான். சாதாரணத் தண்டாலில் உடம்பு எடையில் மூன்றில் இரண்டு பங்கு போலக் கையில் இறங்கும். கால்களை 60 செ.மீ. உயரத்தில் ஏற்றி வைத்தால் அது முக்கால் பங்குக்குப் போய்விடும். வளையத்தில் என்றால் கைகள் விலகி ஓடாமல் பிடித்து நிறுத்தும் வேலை வேறு. கீழே இறங்கும்போது வளையம் மார்புக்கு இருபுறமும் ஒதுங்குவதால், தரையில் கிடைக்காத ஆழம்வரை போகலாம். பட்டையில் கிடைக்காத அந்த நீண்ட நிலைச் சுமை இங்கே முழுசாகக் கிடைக்கிறது.

உடம்பு எடையே சுலபமாகிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அப்புறம் வரும். அதற்குத்தான் முதுகுப்பையும் தண்ணீர் பாட்டிலும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டால் சரியாக அரைக் கிலோ ஏறுகிறது. பல ஜிம்களில் கம்பிக்கு இரண்டு பக்கமும் போடும் மிகச் சிறிய தட்டுகளே சேர்ந்து 2.5 கிலோ வரும், நமக்கு அதைவிடச் சின்னப் படி கிடைக்கிறது. புல்-அப், டிப்ஸ் போன்ற பயிற்சிகளில் முன்னேற்றம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் படி பெரிதாக இருப்பதுதான் காரணம். வாரம் அரைக் கிலோ என்று ஏற்றிக்கொண்டே போனவர்கள், போஸ்டிங் முடியும்போது 10 கிலோவுக்கு மேல் பையில் போட்டுக்கொண்டு புல்-அப் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். பையை மட்டும் முதுகோடு இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்து ஆடினால் தோள்பட்டைதான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். நோட்டில் தேதி, பாட்டில் எண்ணிக்கை, ரெப் மூன்றையும் எழுதிவையுங்கள். வெறும் ஞாபகத்தை நம்பினால் போன வாரம் செய்ததையே இந்த வாரமும் செய்துகொண்டிருப்போம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பக்கிளின் பல்லுக்குள் மணல் புகுந்தால் நாடா மெதுவாக நழுவ ஆரம்பிக்கும். மாட்டியதும் வளையத்தைப் பிடித்து முழு எடையோடு ஒருமுறை தொங்கிப் பாருங்கள். பக்கிளுக்கு மேலே நாடாவில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால், நழுவினால் உடனே தெரியும். மரத்தை ஈரத்தில் விடாதீர்கள்.

வளையத்தின் பலவீனம் கால்தான், அதை மறைத்துப் பேச முடியாது. குதிகாலை வளையத்தில் மாட்டி இடுப்பைத் தூக்கிக் காலை மடக்கி இழுத்தால் தொடையின் பின்பக்கத்துக்கு நல்ல வேலை கிடைக்கும். பின்காலை வளையத்தில் வைத்து, பையைச் சுமந்து ஒற்றைக் கால் ஸ்குவாட் போட்டால் தொடை வளரும். தசைக்கு இது போதும். பலத்துக்குப் போதாது. அதிகபட்ச பலம் என்பது கனமான எடையைத் தூக்கித் தூக்கித்தான் வரும். நூறு கிலோவுக்கு மேல் டெட்லிப்ட் (எடைக் கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) போட்டுவந்தவர் முகாமிலிருந்து திரும்பும்போது அந்த எண் இறங்கியிருக்கும், சில வாரம் கம்பியோடு பழகினால் ஏறிவிடும். அதற்கும் மனசில்லை என்றால், வளையத்தோடு ஒரு வெறும் மணல் பையையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே வளையம், கீழே மூட்டை. இதைவிடச் சிறந்த ஜோடி எனக்குத் தெரியவில்லை.

என் அனுபவம் முழுக்கத் தரையில்தான். கப்பலில், தளம் ஆடும்போது வளையம் எப்படி இருக்கும் என்பதை நான் செய்து பார்த்ததில்லை. அங்கே பட்டைக்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன், ஆனால் அது ஊகம்தான். தோளில் பழைய காயம் உள்ளவர்கள் வளைய டிப்ஸுக்கு அவசரப்பட வேண்டாம். கம்பியில் சிரமமில்லாமல் 10 டிப்ஸ் வருகிறவர்களுக்குக்கூட வளையத்தில் முதலில் மூன்று வருவதே கஷ்டம், கை நடுங்கும். முதல் சில வாரம் ரோ, தண்டால், கையை நேராக நீட்டி வளையத்தின்மேல் அசையாமல் நிற்பது, இவ்வளவு போதும்.

ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட் என்ற கணக்கு பெரும்பாலோருக்குச் சரியாக வரும். அதை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பணிக்கு நடுவே கிடைக்கும் இருபது நிமிடத்தில் மூன்று செட் முடித்தாலும் கணக்கில் சேரும். நீண்ட ரோந்து முடித்து வந்த நாளில் கால் பயிற்சியை விட்டுவிடுங்கள், கால் ஏற்கெனவே வேலை செய்துவிட்டது. புரதம் உடம்பு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.6 கிராம் கிடைத்தால் போதும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வியர்த்த கையில் வழுக்கும், மரமே எடுங்கள். தடிமன் 28 மி.மீ., 32 மி.மீ. என்று இரண்டு வரும். போட்டிகளில் இருப்பது 28 மி.மீ. சின்னக் கை உள்ளவர்களுக்கு அதுதான் வசதி. பிடிக்கும் பலமும் கூட வேண்டும் என்றால் 32 மி.மீ. எடுக்கலாம்.