மொறிஸ் மைனரில் முன் டிஸ்க் பிரேக்: மாரி கண்ட பிறகு எழுதுவது

மல்லாவியில் இருக்கும் நண்பர் ஒருவர், தன் பழைய இங்கிலாந்துக் காரான மொறிஸ் மைனருக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடலாமா என்று கேட்டிருக்கிறார். ட்ரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றும் தொகுதியின் விலை இறங்கியிருக்கிறதாம். இப்போது எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது என்று விற்பவர் அவசரப்படுத்துகிறாராம். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. என் காரின் இடது முன் கலிப்பர், அதாவது சில்லோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட்டால் அழுத்திப் பிடிக்கும் பகுதி, திருத்தி வந்தது போன கிழமைதான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் டிஸ்க்குக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை முதலில் கொடுத்துவிடுகிறேன்.

என்னுடையது 948 சிசி எஞ்சின் உள்ள மைனர். 1956இல் வந்த அந்த எஞ்சினுக்கு 37 குதிரைவலு. டிஸ்க் போடுமுன் அதற்கு முன்னும் பின்னும் 7 அங்குல ட்ரம்: சில்லோடு சுழலும் கிண்ணத்தை உள்ளிருந்து சூ அழுத்திப் பிடிக்கும் பிரேக். 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது வலு 48 ஆனது, முன் ட்ரம்மும் 8 அங்குலமாகியது. நண்பரின் கார் இந்தப் பிந்திய வகை. இதை அவர் மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஓடும் பழைய கார்கள் பெரும்பாலும் போருக்குப் பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. 2009இல் இங்கிருந்த வாகனங்கள் எப்படி எரிந்து துருக்குவியலாகக் கிடந்தன என்பதை முள்ளிவாய்க்கால் பக்கம் போனவர்கள் கண்டிருப்பார்கள். என் காரும் யாழ்ப்பாணத்தில் வாங்கியது. பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலில் உயிர் கொடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களில் இதுவும் ஒன்று. அத்தனையையும் தாங்கிய காருக்கு நல்ல பிரேக் ஒன்று கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வன்னியில் மலை இல்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று இங்கிலாந்துக்காரர்கள் டிஸ்க்குக்குச் சொல்லும் முதல் காரணம் நமக்குப் பொருந்தாது. நமக்கு இரண்டு காரணங்கள்: ஒன்று தண்ணீர், மற்றது மாடு.

கார்த்திகை, மார்கழியில் வட்டுவாகல் பாலத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நந்திக்கடல் நிறைந்தால் தாழ்ந்த அந்தப் பாலத்தின் மேலால் தண்ணீர் போகும். புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் நான் அதைக் கடக்காமல் இருக்க முடியாது. ட்ரம் பிரேக் இருந்த காலத்தில், தண்ணீரில் இறங்கி ஏறியபின் பிரேக்கை மிதித்தால் கார் முதலில் நிற்காது. பிறகு திடீரென்று ஒரு பக்கம் இழுக்கும். எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. மைனரின் முன் ட்ரம்மில் இரண்டு சூவும் சுழற்சியோடு இழுபட்டுத் தாமாகவே மேலும் இறுகும் வகை. காய்ந்திருக்கும்போது அது பெரிய உதவி, குறைந்த அழுத்தத்தில் கார் நிற்கும். நனைந்தால் அதே குணம் எதிரியாகிவிடும். ஒரு பக்கத்துச் சூவின் உராய்வுப் பட்டையான லைனிங் சற்று முன்னதாகக் காய்ந்தால் போதும், அந்தச் சிறிய வேறுபாட்டைச் சூ பலமடங்காக்கி ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கும்.

டிஸ்க் போட்டபின் இந்தப் பயம் அடியோடு போய்விட்டது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்கிறது, தண்ணீரை வீசிவிடுகிறது, மிச்சத்தை பேட் துடைத்துவிடுகிறது. பாலத்தைக் கடந்து மறுகரை ஏறி ஒருமுறை மெல்ல மிதித்தால் கார் நேர்கோட்டில் நிற்கிறது. மழை இரவுகளில் நம் வீதிகளில் மாடுகள் படுத்திருக்கும். சுற்றியுள்ள நிலம் ஈரமாக இருக்க, உயரமான தார்தான் அவற்றுக்குப் படுக்கை. மைனரின் பழைய விளக்கு வெளிச்சத்தில் கறுத்த மாடு ஒன்று தெரிவதற்கும் அதன்மேல் மோதுவதற்கும் இடையில் கிடைப்பது மிகச் சிறிய தூரம். பாலத்துத் தண்ணீர் இன்னும் சில்லில் சொட்டிக்கொண்டிருக்க, அப்படிப் படுத்திருந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் இந்தக் கார் இம்மியும் விலகாமல் நின்றது. ஏழு அங்குல ட்ரம்மில் அது நடந்திருக்காது.

இனி, விற்பவர்கள் சொல்லாத பகுதிக்கு வருகிறேன்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் எஞ்சின் அறையில் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சட்டத்தோடு சேர்ந்து இருக்கிறது. பிரேக் எண்ணெய் பார்க்க வேண்டுமென்றால் கால்விரிப்பைத் தூக்க வேண்டும். ட்ரம் பிரேக்குக்கு இது பெரிய குறையில்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சிறு வால்வு குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைத்திருக்கும். டிஸ்க் போட்டால் அந்த வால்வை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அந்த அழுத்தம் பேட்டை டிஸ்க்கோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், முன்சில்லு கொதிக்கும். எடுத்தால் எண்ணெய் நிற்கும் இடம் கலிப்பரைவிடத் தாழ்வானது என்பதால் இரவில் அது மெல்லப் பின்வாங்கும். காலையில் முதல் மிதிக்குப் பெடல் பாதிவரை இறங்கும். இரண்டாவது மிதியில்தான் பிடி வரும்.

இந்த முதல் மிதிதான் என் நிம்மதியைக் கெடுத்தது. வீட்டுப் படலையைத் தாண்டினால் வீதி, வீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்கள். ஓட்டத் தொடங்குமுன் பெடலை ஒருமுறை மிதித்துவைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் காரை வேறொருவர் எடுத்தால்? பிரேக் என்பது ஓட்டுபவரின் ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது.

இதற்கு மருந்து இருக்கிறது. முன் குழாயில் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் வால்வு ஒன்றும், பின் ட்ரம்முக்குப் போகும் குழாயில் 10 இறாத்தல் வால்வு ஒன்றும் போட வேண்டும். சிறிய பித்தளைத் துண்டு போன்ற பொருள். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் எனக்கு அது கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மூலம் வந்தது. மாற்றுத் தொகுதியின் பெட்டியில் அது இருந்திருக்க வேண்டும். மைனருக்கென்றே செய்து, மைனருக்கென்றே விற்கும் தொகுதியில், மைனரின் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வால்வு போட்டபின் காலை மிதி பெருமளவு சீரானது. ஆனால் ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் பாதையில் ஓடித் திரும்பினால் பெடல் மறுபடியும் இறங்கும். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்தோம், பலனில்லை. புதுக்குடியிருப்பில் எனக்கு வேலை செய்யும் மெக்கானிக் சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப்பார்த்துவிட்டு, “ஐயா, பிரேக்கில் பிழையில்லை, பெயரிங்கில் ஆட்டம்” என்றார். அவர் சொன்னது சரி. முன்சில்லுப் பெயரிங்கில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தாலும், குழியில் விழும்போது டிஸ்க் சரிந்து பேட்டைப் பின்னுக்குத் தட்டிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகும். ட்ரம் இருந்தபோது அதே ஆட்டம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. டிஸ்க் அதை மறைப்பதில்லை. புதுப் பெயரிங் போட்டு, டிஸ்க்கின் கோணல் 0.1 மில்லிமீற்றருக்குள் இருப்பதை அளவுமானியில் பார்த்தபின்தான் பெடல் உயரத்தில் நின்றது.

பின் பிரேக்கையும் மறக்கக் கூடாது. முன்பக்கம் இப்போது தானாகச் சரிசெய்துகொள்கிறது என்பதால் பின் ட்ரம்மின் சூவை இறுக்குவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது தளர்ந்தாலும் பெடல் இறங்கும். கைபிரேக் பழையபடி கேபிளில் பின்சில்லுக்குத்தான் போகிறது, அதில் மாற்றமில்லை. கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் நான் போடவில்லை. ட்ரம்மில் சூ தானாக இறுகிச் செய்த உதவி டிஸ்க்கில் இல்லை என்பதால் கால் சற்று அழுத்தமாக வேண்டும். ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள காருக்கு, ஊருக்கு வெளியே 70 கிலோமீற்றர் என்ற வேக எல்லைக்குள், அது எனக்குச் சுமையாகத் தெரியவில்லை. முழங்கால் நோவு உள்ளவர்களுக்குத் தெரியும்.

போன கிழமைத் திருத்தத்துக்கு வருகிறேன். என் தொகுதி மூல அச்சிலேயே பிராக்கெட் பூட்டி, ஒரு ஜப்பானியக் காரின் ஒற்றைப் பிஸ்டன் கலிப்பரை மாட்டும் வகை. அந்தக் காரின் பேட் வவுனியாவில் தாராளமாகக் கிடைக்கும் என்பதற்காகவே இதைத் தேர்ந்தேன். பேட் கிடைக்கிறது. ஆனால் இந்தக் கலிப்பர் பக்கவாட்டில் நகர்ந்து வேலை செய்வது. நகர்வதற்கு இரண்டு பின்கள், அதாவது சிறு உருளைக் கம்பிகள். பின்னை மூடும் இறப்பர் உறை கிழிந்து, வட்டுவாகலின் உவர்த்தண்ணீர் உள்ளே போய், அந்தக் கம்பி நகராமல் இறுகிவிட்டது. உள்பக்கப் பேட் தேய்ந்து இரும்பு தெரிய, வெளிப்பக்கப் பேட் புதிதுபோல் இருந்தது. அந்தப் பின்னும் உறையும் வவுனியாவிலும் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை. முழுக் கலிப்பராக வாங்கச் சொன்னார்கள். கடைசியில் கடைச்சல் பட்டறையில் பின்னைச் செய்து, உறையைக் கொழும்பிலிருந்து எடுத்தோம். அதுவரை கார் கொட்டிலில் நின்றது. ட்ரம்மாக இருந்தால் சூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இறப்பரை மாற்றி அன்று மாலையே எடுத்திருப்பேன். தண்ணீரில் எனக்கு உதவியதே இந்தத் திறந்த அமைப்புத்தான் என்று தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

பிந்திய காரான மொறிஸ் மரீனாவின் அச்சும் கலிப்பரும் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். 1971இல் வந்த மரீனாவின் முன் அமைப்பு மைனரின் வழியில் வந்தது, அதனால் பொருந்தும். இலங்கையில் மரீனாவைத் தேடிப் பிடிப்பதற்குள் நண்பரின் கார் இன்னொரு மாரியைக் கண்டுவிடும்.

ஆகவே மல்லாவி நண்பருக்கு என் பதில்: போட வேண்டாம். மழையில் டிஸ்க் எனக்குக் கொடுத்த தைரியத்தை எல்லாம் எழுதிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். உங்களிடம் 8 அங்குல ட்ரம் இருக்கிறது. அது என் பழைய ட்ரம்மைவிடப் பெரியது. நீங்கள் ஓடுவது பெரும்பாலும் கிரவல், அங்கே பெடல் தரும் தொல்லை உங்களுக்கு என்னைவிடக் கூடும். அந்தப் பணத்தில் நல்ல லைனிங், புது வீல் சிலிண்டர்கள், புதுக் குழாய்கள் போடுங்கள். ஒவ்வொரு முன்சில்லிலும் உள்ள இரண்டு அட்ஜஸ்டர்களையும் ஒழுங்காக இறுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், முன் அச்சின் கீழ்ப்பக்கத்தில் அது திரும்பும் புரியுள்ள மூட்டான ட்ரனியனைக் கழற்றி அதன் புரியைப் பாருங்கள். அது தேய்ந்து கழன்றால் சில்லே மடிந்துவிடும், பிறகு எந்த பிரேக் இருந்தும் பயனில்லை. அச்சை முன்பின் அசையாமல் பிடிக்கும் கம்பியின் இறப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும் இழுவையைத் தாங்குவது அதுதான்.

என் காரிலிருந்து டிஸ்க்கைக் கழற்றுவீர்களா என்று கேட்டால், மாட்டேன். வட்டுவாகல் இருக்கும்வரை மாட்டேன். நீங்கள் இதையெல்லாம் படித்தபிறகும் டிஸ்க்தான் வேண்டும் என்று நின்றால், பணம் கொடுக்கும் முன் புதுக்குடியிருப்புக்கு வந்து என் காரை ஓட்டிப்பாருங்கள். முதல் நாள் இரவே வந்து தங்கினால் நல்லது. காலையில், கார் அசைவதற்கு முன், நீங்களே பெடலை மிதித்துப் பார்க்கலாம்.